பராக்கும் செபமும்



பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கென்று நம் பழைய செபப் புத்தகங்களில் ஆத்தும சோதனைக் கேள்விகள் அச்சிடப்பட்டிருப்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். செபவேளையில் மனதறிந்து பராக்குக்கு இடங்கொடுத்தேனா என்னும் பொருளில் அவற்றுள் ஒரு கேள்வி இருக்கும். நம் பாட்டிமார் அந்தக் கேள்வியை எளிதில் தாண்டிச் செல்லமாட்டார்கள். இளந்தலைமுறையினர் பலருக்கோ இன்று அந்தச் சொல்லே புதிதாகத் தோன்றுகிறது.

பராக்கு என்றால் கவனம் சிதறுதல், வேடிக்கை பார்த்து நிற்றல். ஆனால் அதே சொல்லுக்கு மற்றொரு வழக்கும் தமிழில் உண்டு. அரசர் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியக்காரன் முன்னே நடந்து, "பராக்கு! பராக்கு!" என்று கூவுவான். கவனியுங்கள், மன்னர் வருகிறார் என்பது அங்கே அதன் பொருள். ஒரே சொல் கவனத்தையும் குறிக்கிறது, கவனக்குறைவையும் குறிக்கிறது. சற்றுச் சிந்தித்தால் இதில் முரண்பாடு இல்லை என்பது விளங்கும். ஒன்றில் கவனம் வைப்பவன் மற்றொன்றில் கவனம் இழக்கிறான். ஆகவே மனிதனுக்குக் கவனம் இருக்கிறதா இல்லையா என்பதன்று கேள்வி. அக்கவனத்தை அவன் எந்த அரசனுக்குக் கொடுக்கிறான் என்பதே கேள்வி.

"நேரமில்லை, சாமி!"

வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில், "மாலையில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லுகிறீர்களா?" என்று கேட்பது பங்குக் குருக்களின் வழக்கம். "முன்பெல்லாம் சொல்லுவோம், சாமி. இப்போது யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி.

இதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர், அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் பீடித் தட்டை மடியில் எடுத்து வைக்கும் தாய், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் பராமரிக்கும் மருமகள் ஆகிய இவர்களிடம் சென்று, "ஏன் ஒரு மணி நேரம் முழந்தாளிடவில்லை?" என்று கேட்பவன் இரக்கமற்றவன். அவர்களுடைய உழைப்பையே காணிக்கையாக ஏற்றுக்கொள்ள ஆண்டவர் அறிவார்.

ஆனால் எல்லா வீடுகளிலும் நிலைமை இதுவன்று. அதே வீட்டில் இரவு ஏழு மணிக்குத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தொடங்குகிறது. அது முடிந்ததும் இன்னொன்று. மகன் ஓர் அறையில் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். மகள் மற்றோர் அறையில். தகப்பனார் திண்ணையில் நண்பர்கள் அனுப்பிய படக்காட்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். மூலையில் பாட்டி மட்டும் செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அருள் நிறைந்த மரியே மந்திரத்தின் முதற்பாதியை அவளே சொல்லி, மறுபாதியையும் அவளே சொல்லிக்கொள்கிறாள்.

ஒரு சிறு கணக்கு பாருங்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை அவசரமின்றிச் சொல்ல ஏறக்குறைய இருபது நிமிடம் போதும். நாளில் நூறில் இரண்டு பங்குகூட ஆகாது. மறுபுறத்தில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கழித்தால் ஆண்டுக்கு 730 மணி நேரம். அதாவது உறக்கமும் உணவும் இன்றி இரவும் பகலுமாக ஒரு முழு மாதம்! ஆண்டில் ஒரு மாதத்தை இப்படிக் கொடுக்கிற ஒருவர் தமக்கு நேரமில்லை என்று சொல்ல முடியுமா? நேரம் இருக்கிறது, அது வேறிடத்தில் இருக்கிறது.

அழைக்கும் இரண்டு மணிகள்

இக்கருவிகளைச் சாத்தானின் படைப்பென்று தூற்ற நான் இதை எழுதவில்லை. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, திருப்பலியைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலுமே கண்டோம். அந்த ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் மாலையில், ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் மழைக்கிடையே தனித்து நின்று திருத்தந்தை பிரான்சிஸ் செபித்ததையும், திவ்விய நற்கருணையால் உலகை ஆசீர்வதித்ததையும் நம்மில் பலர் கண்ணீரோடு பார்த்தது அக்கருவிகளின் வழியாகத்தான். அயல்நாட்டில் உழைக்கும் கணவன் தன் குழந்தையின் முகத்தைக் காண்பதும் அவற்றாலேயே. நல்லதை நல்லதென்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் கோயில் மணி காலை, நண்பகல், மாலை என்று மூவேளையும் ஒலிக்கிறது. 1456-ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து நண்பகலிலும் மணியடித்துச் செபிக்கும்படி பணித்தார் என்பது வரலாறு. அந்த மணி நம்மை அழைக்கிறது. சிறிது நேரம் செபிக்கச் செய்கிறது. பின்பு நம்மை நம் வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. கைப்பேசியின் மணியும் நம்மை அழைக்கிறது. ஆனால் அது திருப்பி அனுப்புவதில்லை. ஒரு படக்காட்சி முடிந்ததும் நாம் கேளாமலேயே அடுத்தது தொடங்குகிறது. விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடிவதேயில்லை. பார்ப்பவர் எழுந்து போகாதிருக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு விளம்பரத்தால் அவர்களுக்கு வருமானம். ஆகவே, "கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருப்பது அவருடைய பலவீனத்தால் மட்டும் நேர்வதன்று.

பெரிய தெரேசம்மாளின் பேச்சறை

இது நம் காலத்துக்கே உரிய சோதனை என்று எண்ணவேண்டாம். ஸ்பெயின் நாட்டு அவிலா நகரின் புனித தெரேசம்மாளை அறிவீர்கள். சிறுமலர்த் தெரேசம்மாளிடமிருந்து வேறுபடுத்துவதற்காகப் பெரிய தெரேசம்மாள் என்று நாம் அழைக்கும் அந்தப் புனிதை 1515-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் பிறந்தவர். செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் அவர் பல ஆண்டுகள் பராக்கோடு போராடியவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

சிறுமியாய் இருந்தபோது அவரைப் பற்றிக்கொண்டது கதைப்புத்தகம். வீரர்கள் வாளேந்திச் செய்த சாகசங்களைக் கூறும் கதைகள் அக்காலத்தில் ஸ்பெயின் நாடெங்கும் பரவியிருந்தன. அவருடைய தாயாருக்கு அவற்றில் விருப்பம், தகப்பனாருக்கோ வெறுப்பு. எனவே தகப்பனாருக்குத் தெரியாமல் இரவும் பகலும் பல மணி நேரம் படித்தாராம். புதிய புத்தகம் ஒன்று கையில் இல்லாவிட்டால் மனத்தில் மகிழ்ச்சியே இராதாம். இன்று தலையணைக்கடியில் கைப்பேசியை ஒளித்து வைத்திருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி எழுதியதுபோல் இல்லையா இது?

1535-ஆம் ஆண்டில் தம் இருபதாவது வயதில் அவிலாவிலிருந்த கார்மேல் சபையின் மனிதாவதார மடத்தில் சேர்ந்தார். மடத்துக்குள் வந்ததும் பராக்கு ஒழிந்துவிட்டதா? இல்லை. மடத்தில் பேச்சறை ஒன்று இருந்தது. நகரத்தார் வந்து கன்னியரோடு உரையாடிச் செல்வார்கள். தெரேசம்மாள் இனிமையாகப் பேசுபவர். அனைவரும் விரும்பும் குணமுடையவர். ஆகையால் வருவோர் எல்லாரும் அவரைத் தேடினார்கள். அந்தப் பேச்சில் பெரிய பாவம் எதுவும் இருக்கவில்லை. மடத்தில் யாரும் அதைத் தவறென்று சொல்லவுமில்லை. ஆயினும் பேச்சறையிலிருந்து செபத்துக்குச் சென்றால் பேச்சின் எதிரொலியே உள்ளத்தில் நிறைந்திருந்தது.

பிறகு அவர் ஒரு படி மேலும் வழுவினார். இத்தகைய நான் கடவுளின் முன்னிலையில் தனித்துச் செபிப்பதற்குத் தகுதியற்றவள் என்று எண்ணி, மனச்செபத்தை அடியோடு விட்டுவிட்டார். ஓராண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. இதைத் தாழ்ச்சி என்றே அப்போது கருதினார். 1543-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய தந்தை இறந்தபோது, தந்தைக்கு ஆன்ம குருவாயிருந்த சாமிநாதர் சபைக் குரு ஒருவரிடம் தம் நிலையைக் கூறினார். எக்காரணத்தாலும் செபத்தை விடக்கூடாது என்று அக்குரு அறிவுறுத்தினார். மீண்டும் தொடங்கினார் தெரேசம்மாள். அதன்பின் ஒருபோதும் விடவில்லை.

ஆனால் தொடங்கியதும் இன்பம் பொங்கவில்லை. செபிக்கும் நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே பல நாள் காத்திருந்ததாக எழுதுகிறார். செபத்துக்குச் செல்வதைவிடக் கடினமான தவமுயற்சி எதையும் மனமுவந்து ஏற்றிருப்பாராம். உலகப் பேச்சில் இருக்கும்போது கடவுளின் நினைவு உறுத்தியது. கடவுளோடு இருக்கும்போது உலகப் பற்று இழுத்தது. இப்படி ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள்!

1554-ஆம் ஆண்டில், ஒரு திருவிழாவுக்காக மடத்துக்குக் கொண்டுவரப்பட்ட சுரூபம் ஒன்று செபக்கூடத்தில் வைக்கப்பட்டிருந்தது. உடலெங்கும் காயமுற்ற கிறிஸ்து நாதரின் சுரூபம் அது. அதைக் கண்டதும் தெரேசம்மாள் அதன் பாதத்தில் விழுந்து கண்ணீர் வடித்தார். தம்மைத் திடப்படுத்தும்வரை அவ்விடம் விட்டு எழப்போவதில்லை என்று ஆண்டவரிடம் மன்றாடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதன்பின்னும் சில நட்புறவுகளை விட அவரால் இயலவில்லை. அவற்றைக் கடவுளிடம் ஒப்படைத்துச் சில நாள் தூய ஆவியை நோக்கிச் செபிக்கும்படி ஆன்ம குரு கூறினார். அப்படிச் செபித்துவந்த ஒரு நாளில், இனி உன் உரையாடல் வானதூதரோடு இருக்கட்டும் என்ற கருத்தில் ஆண்டவர் தம் உள்ளத்தில் பேசியதை உணர்ந்தார். பல ஆண்டுகள் தம் முயற்சியால் அறுக்க முடியாத கட்டு அன்றே அறுந்தது.

பேச்சறையை விட்டவர் மனிதரை வெறுத்தாரா? இல்லை. 1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மனச்செபம் என்று தம் கன்னியருக்கு ஒழுங்கு வகுத்தார். ஸ்பெயின் நாடெங்கும் கரடுமுரடான பாதைகளில் வண்டியில் பயணம் செய்து மடங்களை நிறுவினார், நூல்கள் எழுதினார், நூற்றுக்கணக்கானவர்களுக்கு மடல் வரைந்தார். 1970-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பெண்களுள் இச்சிறப்பை முதன்முதலில் பெற்றவர் அவரே.

நாம் கற்கவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து குடும்பத்தார் மூன்று பாடங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, நம்மைக் கடவுளிடமிருந்து விலக்குவது பெரும்பாலும் பெரும் பாவமன்று. தீங்கற்றதாய்த் தோன்றும் ஒன்று. "இதில் என்ன தப்பு, சாமி?" என்று கேட்பார்கள். தப்பு ஒன்றும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அது எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது? பெத்தானியாவில் மார்த்தா செய்த சமையலில் குற்றமில்லை. ஆண்டவரின் காலடியில் அமரவேண்டிய வேளையை அது விழுங்கியதே குறை (லூக்கா 10:38-42). விருந்தாளியாய் வந்தவன் வீட்டுத்தலைவனின் நாற்காலியில் அமர்ந்துகொண்டால், அவன் நல்லவனே ஆயினும் எழுப்பத்தானே வேண்டும்?

இரண்டாவது, பராக்கு வருகிறது என்பதற்காகச் செபத்தை விட்டுவிடலாகாது. வேண்டுமென்று இடங்கொடுக்கும் பராக்கு வேறு. வேண்டாமலே வந்து சேரும் பராக்கு வேறு. மாபெரும் ஆயரான புனித அகுஸ்தினார்கூட, வயலில் முயலைத் துரத்தும் நாயும், வீட்டில் ஈயைப் பிடிக்கும் பல்லியும் தம் கவனத்தை இழுத்துவிடுவதாகத் தம் சரிதையில் எழுதியிருக்கிறார். அகுஸ்தினாருக்குப் பல்லி என்றால் நமக்கு மாவு புளிக்கிற நினைவோ மகளின் கலியாணக் கவலையோ வருவதில் வியப்பென்ன? கவனம் ஓடியதைக் கண்டதும் கோபமின்றி அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறையும் கொண்டுவாருங்கள். அப்படிக் கொண்டுவருவதும் செபமே.

மூன்றாவது, விட்டால் மட்டும் போதாது, அவ்விடத்தை நிரப்பவேண்டும். வெளியேறிய அசுத்த ஆவி திரும்பி வந்து, வீடு கூட்டி ஒழுங்குபடுத்தப்பட்டு வெறுமையாய் இருப்பதைக் கண்டு, தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துவந்ததாக ஆண்டவர் கூறினார் (மத்தேயு 12:43-45). தவக்காலத்தில் நாற்பது நாள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் அயல்வீட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் என்ன பயன்? நம் ஆண்டவர் தாமே கூட்டத்தை விட்டு விலகியபோதெல்லாம் வெறுமனே ஓய்வெடுக்கச் செல்லவில்லை. இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குச் சென்று தந்தையோடு பேசினார் (மாற்கு 1:35).

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்?

நோயில்பூசுதல் கொடுக்க வீடுகளுக்குச் செல்லும் குருக்கள் காணும் காட்சி ஒன்றைச் சொல்லவேண்டும். கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கிறார்கள். அன்பில் குறைவில்லை, எல்லார் கண்ணிலும் நீர். குரு செபத்தைத் தொடங்குகிறார். பதில் சொல்லவேண்டிய இடத்தில் மௌனம். பரலோக மந்திரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பேச இயலாமல் படுத்திருக்கும் தாயின் உதடுகள் மட்டும் அசைகின்றன. வேறு சில வீடுகளிலோ, குரு தொடங்குமுன்பே பத்து வயதுச் சிறுமி பாட்டியின் கையில் செபமாலையைச் சுற்றிவிட்டுத் தானே முன்சொல்லுகிறாள், வீடே பின்சொல்லுகிறது. நோயாளியின் முகத்தில் அமைதி படர்கிறது.

இவ்விரு வீடுகளுக்குமிடையே உள்ள வேறுபாடு அந்த ஒரு நாளில் உண்டானதன்று. பல ஆண்டுகளின் மாலை வேளைகளில், இருபது இருபது நிமிடமாக உண்டானது. துன்பம் வந்தபின் செபிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது, வெள்ளம் வந்தபின் நீந்தக் கற்கலாம் என்பதைப் போன்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிப்பவர்கள் என்றும் கூறியது. 1974-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் மரியன்னை வணக்கம் பற்றி எழுதிய மடலில் குடும்பச் செபமாலையைச் சிறப்பாகப் பரிந்துரைத்தார். மறைக்கல்வி வகுப்புக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

செய்யத்தக்கவை

பெரிய தீர்மானங்கள் நீடிப்பதில்லை. சிறியதாய்த் தொடங்குங்கள்.

வீட்டிலுள்ள அனைவரும் கூடிப் பேசி, எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு வேளையைக் குறியுங்கள். குறித்த வேளையை விருந்தாளி வந்தாலும் மாற்றாதீர்கள், விருந்தாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வேளையில் எல்லாருடைய கைப்பேசிகளும் ஒலி நிறுத்தப்பட்டு வேறோர் அறையில், ஒரே இடத்தில் இருக்கட்டும். தகப்பனாருடையது முதலில் போகட்டும். தாம் விடாததைப் பிள்ளைகள் விடவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

திரு இருதயப் படத்தின் முன் விளக்கேற்றுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் மாதம் ஒரு பத்து மணி மட்டும் சொன்னால் போதும். முன்சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்தை ஒப்புக்கொடுங்கள்: தேர்வு எழுதும் அண்ணனுக்காக, கடலில் இருக்கும் சித்தப்பாவுக்காக, மரித்த தாத்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. சனிக்கிழமை இரவில் மறுநாள் நற்செய்தியைத் திருவிவிலியத்திலிருந்து ஒருவர் வாசிக்கட்டும். செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெற்றோரிடம் ஆசீர்வாதம் பெறும் நம் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

செபவேளையில் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். தூங்கிவிழும் பிள்ளை தாயின் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் அது பலனளிக்கும். வேலை காரணமாக வர இயலாதவரை அவர் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். தெரேசம்மாள் அப்படித்தான் தொடங்கினார். தனித்திருந்து செபிக்கக் கூடாத தாய்மார் ஒன்றை மறக்கவேண்டாம். அடுக்களைப் பானைகளின் நடுவிலும் ஆண்டவர் உடனிருக்கிறார் என்று தம் கன்னியருக்குக் கற்பித்தவரும் அதே தெரேசம்மாள்தான்.

இன்று இரவு உங்கள் வீட்டு மூலையில் தனியே செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டி மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்லி முடிக்கும்போது, மறுபாதியை நீங்கள் சொல்லுங்கள். அவ்வளவு போதும், தொடங்குவதற்கு.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களுக்குத் துணைநிற்பதாக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை